"டேட்டாபேஸ் ஸ்லோவா இருக்கு சார்"

மாதக் கடைசி ராத்திரியில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கும். அடுத்த வாக்கியமும் தெரிந்ததுதான்: "சர்வரைப் பெருசாக்கிட்டோம் சார், அப்பவும் சரியாகல."

போன மாதம் அப்படி அழைத்தது ஒரு மொத்த விற்பனை நிறுவனம். பெயர் வேண்டாம். டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ், கிளவுடில் (வாடகை சர்வரில்) ஓடுகிறது. மாத முடிவு ஸ்டாக் ரிப்போர்ட் 40 நிமிடம் எடுக்கிறது. எட்டு கோர், 32 ஜிபி ராம் இருந்ததை 32 கோர், 128 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். மாத வாடகை எகிறிவிட்டது. "மாத்தின முதல் வாரம் சூப்பரா இருந்துச்சு சார், அப்புறம் பழையபடி ஆயிடுச்சு" என்றார் மேனேஜர்.

அந்த "முதல் வாரம்"தான் எனக்கு உறுத்தியது. சர்வர் சின்னது என்பதுதான் வியாதி என்றால், பெரிதாக்கிய பிறகு ஒரு வாரத்தில் ஏன் திரும்பி வர வேண்டும்?

டேட்டாபேஸோடு யார் யார் இணைந்து என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தேன். 19 நாளாக ஒரு கனெக்‌ஷன் "ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்" என்று, அதாவது ஆரம்பித்த வேலையை முடிக்காமல் சும்மா, உட்கார்ந்திருந்தது. தினமும் மெயில் அனுப்பும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். "ரிப்போர்ட் ஆரம்பித்தது" என்று லாக் டேபிளில் ஒரு வரி எழுதியிருக்கிறது. கமிட் செய்யவில்லை, அதாவது எழுதியதை உறுதிசெய்து முடிக்கவில்லை. அப்படியே மெயில் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கப் போய்விட்டது. டைம் அவுட் எதுவும் வைக்கவில்லை, பதிலும் வரவில்லை. 19 நாளாகக் காத்துக்கொண்டே இருக்கிறது, பாவம்.

இதற்கும் ஸ்டாக் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கிருந்த டெவலப்பர் பையன் கேட்டான். நல்ல கேள்விதான்.

அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் ரப்பர் வைத்து அழிப்பதில்லை. பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே புது வரி எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். அப்டேட் என்றால் அந்த ரோவின் (டேபிளில் ஒரு வரியின்) புதுப் பிரதியை எழுதும், பழையது அங்கேயே கிடக்கும். வேறு யாருக்காவது அந்தப் பழைய பிரதி தேவைப்படலாம் இல்லையா? யாருக்கும் தேவையில்லை என்று உறுதியான பிறகு ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை விடுவிக்கும். ஆனால் ஏதோ எழுதிவிட்டு முடிக்காத ஒரு ட்ரான்சாக்‌ஷன் திறந்திருந்தால், அதற்குப் பிறகு செத்த பிரதி ஒன்றைக்கூட வேக்கம் தொடாது. அது எந்த டேபிளானாலும் சரி.

ஒவ்வொரு பில்லுக்கும் ஸ்டாக் டேபிளில் அப்டேட் நடக்கிறது. 12 லட்சம் ரோ உள்ள டேபிள், 300 எம்பி சுற்றி இருக்க வேண்டியது, 9 ஜிபியாக ஊதிப்போயிருந்தது. இண்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) வழியாகப் போனாலும் ஒரு பொருளின் இன்றைய இருப்பைக் கண்டுபிடிக்கச் செத்த பிரதிகளைக் கும்பல் கும்பலாகத் தாண்ட வேண்டும்.

முதல் வாரம் ஏன் சூப்பராக இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். சர்வரை மாற்றும்போது ரீஸ்டார்ட் ஆனதல்லவா? அப்போது மாட்டிக்கொண்டிருந்த கனெக்‌ஷனும் செத்தது, வேக்கம் வந்து சுத்தம் செய்தது. புது ராமுக்குக் கிடைத்த பேர் முழுக்க அந்த ரீஸ்டார்ட்டுக்குப் போக வேண்டியது.

கனெக்‌ஷனைக் கொன்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது டேபிளைச் சுருக்கித் திரும்ப எழுதும் வேக்கம் ஃபுல் ஓட்டினோம் (டேபிளையே பூட்டிவிடும், வேலை நேரத்தில் கை வைத்துவிடாதீர்கள்). இப்படித் தூங்கும் ட்ரான்சாக்‌ஷனைத் தானாக வெட்டிவிடும் செட்டிங் ஒன்று 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. வந்தபடியே விட்டால் அது அணைந்துதான் இருக்கும். பத்து நிமிடம் என்று வைத்தேன். 40 நிமிட ரிப்போர்ட் ஆறு நிமிடத்துக்கு வந்தது.

அந்த ஆறும் அதிகம்தான். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால், பில் டேபிளின் நாலு கோடி ரோவையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது. பில் நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் குவெரியில் அந்த நேரப் பத்தியை, தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் டேட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டிருக்கிறார்கள். இண்டெக்ஸில் இருப்பது நேரம், கேட்பது ஃபங்ஷனின் விடை, அதனால் அந்த இண்டெக்ஸ் உதவாது. ஒன்றாம் தேதிக்குச் சமம் அல்லது மேல், அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குக் கீழ் என்று மாற்றி எழுதினான் அந்தப் பையன். ஐம்பது வினாடி. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இதன் தம்பி ஒருத்தன் உண்டு: மொபைல் நம்பரை வார்கேரில் (எழுத்து வடிவில்) வைத்துவிட்டு, குவெரியில் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கேட்பது. இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1970இல் எட்கர் காட் என்ற ஆய்வாளர், டேட்டாவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்ததே, டேட்டா உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை பயன்படுத்துபவருக்கு வேண்டாம் என்பதற்காகத்தான். என்ன வேண்டும் என்று கேள், எப்படி எடுப்பது என்பதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். அது அவ்வளவு நன்றாக வேலை செய்ததால், "எப்படி" என்று ஒன்று இருப்பதையே இரண்டு தலைமுறை மறந்துவிட்டது. கல்லூரியில் நார்மல் ஃபார்ம் (டேபிளைப் பிரித்து அமைக்கும் விதி) ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும், எக்ஸிக்யூஷன் பிளான் (குவெரி ஓடும் வழி) வராது.

என் கோபம் வேறு இடத்தில். இந்த நிறுவனத்தில் ஒரு டிபிஏ (டேட்டாபேஸைக் கவனிப்பவர்) இருந்திருக்கிறார். கிளவுடுக்குப் போனதும் "இனிமே எல்லாம் மேனேஜ்டு" என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். மேனேஜ்டு என்றால் பேட்ச் போடுவார்கள், பேக்கப் எடுப்பார்கள், டிஸ்க் போனால் மாற்றுவார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் கமிட் செய்ததா என்று அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்? பத்து கோடி ரோ உள்ள டேபிளில் இரண்டு கோடி செத்த பிறகுதான் ஆட்டோவேக்கம் எழுந்திருக்கும், இருபது சதவீதம் என்பதுதான் வந்தபடி இருக்கும் அளவு. அதைக் குறைப்பதா வேண்டாமா என்பது உங்கள் டேபிளைத் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. அவரை அனுப்பிவிட்டு, அவர் சம்பளத்தை விட அதிகமாக ராமுக்கு வாடகை கட்டுகிறார்கள்.

"பேக்கப் தினமும் போகுது சார், பச்சை டிக் வருது" என்றார் மேனேஜர். கடைசியாக எப்போது ரெஸ்டோர் செய்து பார்த்தீர்கள் என்றேன். பதில் இல்லை.

அவருக்கு, மென்பொருள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பின் கதையைச் சொன்னேன். 2017 ஜனவரி 31. ஒரு இன்ஜினியர் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் (பேக்கப் பிரதி) எடுக்கும் கருவியோ 9.2, அதனால் ஒவ்வொரு நாளும் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. இவ்வளவையும் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்மளது ரெஸ்டோர் பண்ண எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றார். எனக்கும் தெரியாது. வரும் சனிக்கிழமை தனியாக ஒரு சர்வரில் செய்து பார்க்கப்போகிறோம். அந்த டெவலப்பர் பையனும் வருகிறான். 32 கோர் சர்வரை எட்டுக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் மனசு வரவில்லை அவருக்கு.