டைனோசர் சாணத்தில் புல்

"டைனோசர் காலத்துல புல்லே கிடையாது"ன்னு ஒருத்தர் அடித்துச் சொல்லியிருக்கார். பாதிதான் சரி. டைனோசர் காலத்தின் நடுப்பகுதியான ஜுராசிக் காலத்துக்குப் பொருந்தும். அதற்கு அடுத்த, டைனோசர்கள் அழிந்ததோடு முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக்குப் பொருந்தாது. மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற ஊரில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தை (டைட்டனோசர் என்ற, நீண்ட கழுத்துள்ள, செடிகொடி தின்னும் பெரிய டைனோசர் போட்டதாகத்தான் இருக்கும் என்கிறார்கள்) ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். உள்ளே புல்லின் சிலிக்காத் துகள்கள், குறைந்தது 5 வகைப் புல்லுடையவை! கரும்புத் தோகை கையைக் கிழிக்குமே, அதே சரக்குதான். இலை மட்கினாலும் அது மட்காது. ஆனால் அந்தச் சாணத்தில் ஊசியிலை மரமும் பனை வகையும்கூட இருந்தன, புல் கொஞ்சம்தான். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி என்பதெல்லாம் டைனோசர்கள் அழிந்து சில கோடி ஆண்டுகள் கழித்து வந்த கதை.