அப்பா இல்லைங்க, அண்ணன்!

(வீட்டில் 'சப்ரீனா' என்கிற பழைய ஹாலிவுட் படம் ஓடுகிறது)

அவர்: என்ன அநியாயம் இது! பெற்ற அப்பனே பொண்ணுக்கு இப்படி முத்தம் கொடுக்கிறான்!

நான்: எந்த அப்பா?

அவர்: அதோ, டென்னிஸ் கோர்ட்டில், மூஞ்சியில் சிரிப்பே இல்லாமல் ஒருத்தர்.

நான்: அவர் ஹம்ப்ரி போகார்ட்ங்க. ஹீரோ. ஹீரோயின் சப்ரீனாவோட அப்பா அந்த வீட்டில் கார் ஓட்டுகிறவர். இவர் முதலாளி வீட்டு மூத்த பிள்ளை லைனஸ். போனை விட்டுத் தலையை நிமிர்த்தியிருந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

அவர்: பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! மஞ்சள் முடிக்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன் எங்கே?

நான்: 1954-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் உங்களுக்கு மட்டும் மஞ்சள் தெரிகிறது. அது தம்பி டேவிட். மரத்தில் ஏறி உட்கார்ந்து அவனைப் பார்த்துத்தான் சப்ரீனா உருகினாள். இப்போதுதான் பின் பாக்கெட்டில் ஷாம்பெயின் கிளாஸோடு நாற்காலியில் உட்கார்ந்து தையல் போடுகிற அளவுக்குக் கிழித்துக்கொண்டான், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நீங்க ஏதோ குரூப்பில் குட் நைட் போட்டுக்கொண்டிருந்தீங்க.

அவர்: சரி, அப்பா ஏன் நடுவில் வருகிறார்?

நான்: அப்பா இல்லைங்க, அண்ணன்! தம்பிக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டில் கரும்புத் தோட்டம் இருக்கிறது, இவர்கள் கம்பெனி கரும்பிலிருந்து பிளாஸ்டிக் செய்யப்போகிறது, அந்தக் கல்யாணம் கெடக்கூடாதென்று சப்ரீனாவைக் காதலிக்கிற மாதிரி நடிக்கிறார்.

அவர்: கரும்புக்காகவா! குடும்பத்துக்காக எவ்வளவு பாடு. அப்பா என்றால் இப்படி இருக்கணும்.

நான்: ...

அவர்: முறைக்காதே. போகார்ட் பிறந்தது 1899, சப்ரீனாவாக நடிக்கிற ஆட்ரி ஹெப்பர்ன் 1929 என்று இதில் போட்டிருக்கிறது. முப்பது வயசு வித்தியாசம்! அப்பா என்று நினைத்தது என் தப்பா?

நான்: அது மட்டும் நியாயம். 1995-இல் இதே படத்தைத் திரும்ப எடுத்தபோது ஹீரோ ஹாரிசன் ஃபோர்டு 1942, ஹீரோயின் ஜூலியா ஆர்மண்ட் 1965. நாற்பது வருஷம் யோசித்து ஏழு வயசு குறைத்திருக்கிறார்கள்.

(ஒரு மணி நேரம் கழித்து)

அவர்: யார் கப்பலில் போகிறார்கள்?

நான்: லைனஸ். ஆபீஸைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே பாரிஸ் கப்பல் ஏறிவிட்டார். அவரே நிமிர்ந்துவிட்டார். நீங்க எப்போது?

அவர்: ம்? என்ன சொன்னே? ஒரு நிமிஷம், இதை அனுப்பிவிடுகிறேன்... ஐயோ, முடிந்துவிட்டதா? பாவம், அப்பாவை வழியனுப்ப ஒருத்தரும் வரவில்லையா?