தொப்பியைக் கழற்றிய பிறகு

சிங்கப்பூரில் ஏப்ரல் நெருங்கினால் போதும். தமிழ்மொழி விழாவுக்கு "ராப்பில் ஏதாவது செய்யலாமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியே அலுப்பு. காரணமும் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஒரு பீட்டை ஓடவிட்டு, உயர்நிலை இரண்டு மாணவர்கள் முன்னால் திருக்குறளை ராப் செய்தேன். பின்வரிசையில் ஒரு பெண் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்காக வெட்கப்பட்டிருக்கிறாள்!

கசக்கும் பாடத்தின் மேல் தடவுகிற தேனாக ஹிப்ஹாப்பை எடுத்தது என் தவறு. 1973 ஆகஸ்டில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் டீஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய இரவைத்தான் அதன் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க அவர் தங்கை ஏற்பாடு செய்த விருந்து அது. இதைச் சொன்னபோதுதான் வகுப்பு நிமிர்ந்தது. "நம்ம புளோக் கீழ மாதிரியா டீச்சர்?" ஏறக்குறைய அப்படித்தான்.

அப்புறம் நான் பாடவில்லை, எழுதச் சொன்னேன். நம்ம ஊர் ராப் பாடகர் யங் ராஜாவை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்; நான் எதற்கு நடுவில்?

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே வாசித்தான்: "பஸ்ஸுல வந்தேன், பையோட நின்னேன், பாட்டியப் பார்த்தேன்..." எல்லா வரியும் 'ஏன்' என்றே முடிந்தது. அவனுக்கே சப்பென்று இருந்தது. இங்கேதான் இலக்கணம் உள்ளே வந்தது. தமிழில் வினைமுற்று வரிக் கடைசியில் வந்து உட்காருவதால் இயைபு, அதாவது வரிக்கடைசி ஒலி ஒன்றுவது, மலிவாகக் கிடைக்கும். அதனால்தானோ என்னவோ, நம் புலவர்கள் ஒலியை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள்: இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை. சொல்லிக்கொடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, இப்படி வந்து நின்றான்:

எட்டாம் மாடி எங்க வீடு
தட்டிப் பார்த்தா பாட்டி குரல்
சுட்ட தோசை ஆறிப் போச்சு
விட்டுப் போன பஸ்ஸப் போல

அடுத்த வாரம் அருணகிரிநாதர். 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற சந்தத்தைப் பலகையில் எழுதி, 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று அதன்மேல் வைத்துக் காட்டினேன். "இது ஃப்ளோ, டீச்சர்!" என்றாள் ஒருத்தி. பதினைந்தாம் நூற்றாண்டு என்றதும் நம்பவில்லை.

பேச்சுத்தமிழில் எழுதவிட்டால் எழுத்துத்தமிழ் கெட்டுவிடாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். பயம் புரிகிறது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். பேச்சே வற்றும்போது எதைக் கெடுக்கப்போகிறோம்? அதற்காக எல்லாப் பாடத்துக்கும் பீட் போடச் சொல்லவில்லை. வேற்றுமை உருபை ராப்பில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், படு தோல்வி.

சரி, இந்த ஏப்ரலுக்கும் கேட்டுவிட்டார்கள், அந்தப் பையனை மேடையேற்றலாமா என்று. அவனிடமே கேட்டேன். "வேணாம் டீச்சர். பாட்டிக்குப் பாடிக் காட்டிட்டேன்" என்றான்.