மறதியோடு மேடையேறிய மனிதர்

அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்ப்பெல்லும் அவர் மகள் ஆஷ்லியும் மேடையில் எதிரெதிரே நின்று வாசிக்கும் காணொளிகள் இருக்கின்றன. மகள் கையில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம், அப்பா கையில் கிதார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசிக்கொள்வது போல, மகள் ஒரு வரி வாசிக்க அப்பா பதில் சொல்வார். போகப் போக வேகம் கூடும். அந்த விரல்களின் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் இவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாட ஆரம்பித்தால்தான் தெரியும். நாற்பது வருடங்களுக்கு மேல் பாடிய பாடல்களுக்கே, வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துப் பாடுகிறார்.

"பாவம், அந்த மனுஷனை நிம்மதியா வீட்ல விட்டிருக்கலாமே" என்றார் நண்பர் ஒருவர், போன வாரம் இதைக் காட்டியபோது. அவருக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கேம்ப்பெல்லை மேடை மேடையாக அழைத்துப் போனது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. அந்தக் குடும்பம் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன்.

அவர் யார் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1936-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுத குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகள். நாலு வயதுப் பையனுக்கு அப்பா 5 டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார், சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். 1960-ல் லாஸ் ஏஞ்சலஸ் போய், ஒலிப்பதிவுக் கூடங்களில் மற்றவர்களுக்கு வாசிக்கும் கலைஞர் ஆனார். 'ரெக்கிங் க்ரூ' என்று பின்னால் பெயர் பெற்ற கூட்டம் அது. பிராங்க் சினாட்ரா, எல்விஸ் பிரெஸ்லி, பீச் பாய்ஸ் என்று அந்தக் காலத்தில் வானொலியில் ஓடிய பாதிப் பேருக்குப் பின்னால் இவர் கிதார் இருக்கும். இத்தனைக்கும் இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க அவருக்குத் தெரியாது. காதால் கேட்பார், கை வாசித்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1967-க்குப் பிறகு அவரே நட்சத்திரம். சொந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, நடிகர் ஜான் வேயினோடு சினிமா, 1975-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலின் உச்சிக்குப் போன 'ரைன்ஸ்டோன் கவ்பாய்'. குடி, கொக்கைன், முறிந்த திருமணங்கள் எல்லாமும் அந்த வாழ்க்கையில் உண்டு. அதைப் பூசி மெழுக நான் வரவில்லை.

ஆனால் ஒரே ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1968-ல் வந்த 'விச்சிட்டா லைன்மேன்'. வெட்டவெளியில் கம்பி பார்க்கும் ஒரு லைன்மேனின் தனிமை, அவ்வளவுதான் பாட்டு. எழுதிய ஜிம்மி வெப், பாட்டு இன்னும் முடியவில்லை என்று சொல்லித்தான் கொடுத்து அனுப்பினார். இன்னொரு சரணம் எழுதும் எண்ணம் அவருக்கு. கேம்ப்பெல் காத்திருக்கவில்லை. அந்தச் சரணம் வரவேண்டிய இடத்தில், கேரோல் கேய் என்ற பேஸ் கிதார் கலைஞரின் ஆறு தந்திக் கருவியை இரவல் வாங்கி, கீழ்ச் சுருதியில் மெதுவாக ஒரு சில வரிகள் வாசித்துப் பதிவை முடித்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பாட்டில் என்னை நிறுத்துகிற இடம் அதுதான். வார்த்தை இல்லாத இடத்தில் கிதார் வந்து நின்றது. நாற்பத்து மூன்று வருடங்கள் கழித்து அவர் வாழ்க்கையிலும் அதுவே நடந்தது.

2011 ஜூனில் அவரும் மனைவி கிம்மும் நோயை வெளியே சொன்னார்கள். மேடையில் தடுமாறினால் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதானே பேசுவார்கள்? அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். ஐந்து வாரம் என்று தொடங்கிய விடைபெறும் பயணம் 151 கச்சேரிகள் வரை நீண்டது. பிள்ளைகள் மூன்று பேர் அந்த இசைக்குழுவில் இருந்தார்கள். கேல் டிரம்ஸ், ஷானன் கிதார், ஆஷ்லி பான்ஜோவும் கீபோர்டும். அப்பா வரி தவறினால் தாங்கிப்பிடிக்கப் பக்கத்திலேயே பிள்ளைகள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். ஒளிக்காமல் சொன்னதால் வந்த லாபம் இது. யாரும் திடுக்கிடவில்லை, காத்திருந்தார்கள்.

நோயாளிக்கு என்ன தெரியும், குடும்பம்தானே முடிவு செய்தது என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே முடிவை அவரே எடுத்தார், தெளிவு மிச்சம் இருந்தபோதே எடுத்தார். எழுபத்தைந்து வயதில், வாசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்தறியாத ஒருவரிடமிருந்து கிதாரை வாங்கி வைத்துவிட்டு 'நிம்மதியா இருங்க' என்றால் அது என்ன நிம்மதி?

கடைசிக் கச்சேரி 2012 நவம்பர் 30, கலிபோர்னியாவின் நாபாவில். அன்று அவர் தடுமாறியது எல்லோருக்கும் தெரிந்தது. நண்பரின் பக்கம் நியாயம் உண்டென்றால் அந்த இரவுக்கு உண்டு. அதோடு நிறுத்தினார்கள். இன்னும் பத்துக் கச்சேரி விற்றிருக்க முடியும், விற்கவில்லை.

இசை நோயை விரட்டிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளை நான் நம்புவதில்லை. அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. இன்று காலை என்ன நடந்தது என்பதைப் பதிந்து வைக்கிற இடம் அது. சைக்கிள் ஓட்டுவது, வாத்தியம் வாசிப்பது போல உடம்பு பழகிய வேலைகளுக்கு மூளையில் வேறு வழிகள் இருக்கின்றன, அங்கே நோய் தாமதமாக வந்து சேருகிறது. ஒரு நாளும் தாளைப் பார்த்து வாசிக்காத கேம்ப்பெல்லுக்குச் சங்கீதம் முழுக்கக் காதிலும் கையிலும் இருந்தது, கையில் ரொம்ப நாள் நின்றது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. மருத்துவரைக் கேட்டால் இதை ஒப்புக்கொள்வாரா தெரியாது. கடைசிக் காலத்தில் பேச்சு போனது, கிதாரும் போனது. இசை கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவே.

அந்த அவகாசத்தில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். 2013 ஜனவரியில், பழைய ரெக்கிங் க்ரூ தோழர்கள் சிலரோடு ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு பாட்டுப் பதிந்தார். இசைத் தயாரிப்பாளர் ஜூலியன் ரேமண்டோடு சேர்ந்து எழுதியது. எனக்கு எதுவும் நினைவிருக்காது, அதனால் உன்னை நினைத்து நான் ஏங்கப் போவதில்லை, வலியெல்லாம் உனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லும் பாட்டு. முதல் தடவை கேட்டபோது கோபம் வந்தது, இப்படியா ஒருவன் விடைபெறுவான் என்று. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் அதில் இருக்கும் அக்கறை புரிந்தது. இனி சுமக்கப்போவது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 'அடியோஸ்' என்ற கடைசித் தொகுப்பைப் பழைய தோழர் கார்ல் ஜாக்சன் தயாரித்தார். பெரிய எழுத்தில் அச்சிட்ட வரிகளைக் காட்டி, ஒவ்வொரு வரியாகப் பாடவைத்துப் பதிந்தார்கள். கேட்டுப் பாருங்கள், குரலில் தையல் தெரியாது.

அதே 2013-ல் ஆஷ்லி அமெரிக்க செனட் குழுவின் முன் போய் உட்கார்ந்து, இந்த நோய் ஒரு வீட்டை என்ன செய்கிறது என்று பேசினார். அடுத்த வருடம் கேம்ப்பெல்லைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 8-ல் நாஷ்வில்லில் இறந்தார். 81 வயது. பிறந்த ஊரில், குடும்பத்தார் இடுகாட்டில் அடக்கம்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பாவுக்கும் மறதி நோய். வீட்டுக்கு யாராவது வந்தால் அவரை உள்ளறைக்கு அனுப்பிவிடுவோம். அக்கா கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போகவில்லை. "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார்கள், நானும் தலையாட்டினேன். அன்று பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துவிட்டு எல்லோரும் மண்டபத்துக்குக் கிளம்பினோம். பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் வாசலில் நின்று வரவேற்பவர் அவர்தான். "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்ல அவருக்கு யார் பெயரும் ஞாபகம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஆளிடம் மூன்று தடவை சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.