பனியன் ஒன்று, ஒப்பந்தம் மூன்று
ஸ்டேசி பெரால்டா, டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ் என்ற மூன்று ஸ்கேட்போர்டு நண்பர்களின் கதையான 'லார்ட்ஸ் ஆஃப் டாக்டவுன்' (2005) படத்தைப் பற்றிய இந்தக் கட்டுரையில், புகழ் தலைக்கேறியதால்தான் அவர்கள் நட்பு உடைந்தது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் ஸெஃபிர் என்ற அலைச்சறுக்குப் பலகைக் கடையின் டீமுக்கு ஸ்கேட்போர்டு ஓட்டியவரை பையன்கள் எல்லோருக்கும் ஒரே பனியன். 1975 டெல் மார் ஸ்கேட்போர்டு போட்டியில் பெயர் வாங்கிய பிறகு, வந்த கம்பெனிகள் டீமையா கேட்டன? ஆளாளுக்குத் தனித்தனியாக ஒப்பந்தம் நீட்டின. யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு வந்த அன்றே விரிசல் விழுந்துவிட்டது, தலைக்கனமெல்லாம் அப்புறம். திரைக்கதை எழுதிய ஸ்டேசி பெரால்டாவே அந்த மூவரில் ஒருவர் என்பதையும் மறக்கக்கூடாது. படத்தில் ஸ்டேசி அவ்வளவு ஒழுங்கான பிள்ளையாக வருவது சும்மா இல்லை! மேலே கருத்து எழுதிய ஒருவர் இது நம்மூருக்கு ஒட்டாத கதை என்கிறார். ராயபுரம் பக்கம் வந்து பாருங்கள். எங்கள் தெரு கேரம் கிளப்பில் இரண்டு பேர், டபுள்ஸ் ஜோடி, போரிக் பவுடரைக்கூடப் பங்கு போட்டு வாங்குவார்கள். ஒருத்தனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. அவன் துளியும் மாறவில்லை, முதல் சம்பளத்தில் கிளப்புக்கே பிரியாணி வாங்கித் தந்தான். ஆனால் அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே மற்றவன் ஸ்ட்ரைக்கரை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். ஜெயித்தவன் திமிரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம், பின்தங்கி நின்றவனைப் பற்றி எழுதுவதில்லை. படத்தில் அந்த மூவரோடேயே சுற்றும் சிட் என்ற பையனைப் பற்றி கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை, கடைசியில் மூவரும் ஒன்றுசேர்வதே அவன் வீட்டு நீச்சல் குளத்தில்தான்.