மஞ்சள் வாடை

நேற்று ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை பேசினோம். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட ‘மஞ்சள் சுவர்த்தாள்’. “கதை சொல்கிறவளுக்கே புத்தி பேதலித்துவிட்டது, அவள் சொல்வதை எப்படி நம்புவது?” என்றார் ஒருவர். பலரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது.

2013இல் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்று அம்மா சொன்னபோது அப்பா சிரித்தார். சொம்பில் பிடித்துவந்து அவர் மூக்கருகே நீட்டுவார் அம்மா. பகலெல்லாம் துறைமுகத்தில் டீசல் புகையில் நின்றுவிட்டு வருகிற மூக்குக்கு அது எங்கே தெரியப்போகிறது? தலைவலி, குமட்டல் என்று டாக்டரிடம் போனால், அவர் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவிடம் பேசினார்: “வீட்டிலேயே இருக்கிறார்கள் இல்லையா, மனசு எதையாவது நினைத்துக்கொள்ளும்.” தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். கடைசியில் அம்மா என்னிடம் தணிந்த குரலில், “ஏண்டி, உனக்கும் வருகிறதா, இல்லை எனக்கு மட்டும்தானா?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் எங்கள் பகுதி நிலத்தடி நீரில் கலந்திருந்தது அந்த வருடமே ஊருக்கெல்லாம் தெரிந்தது.

கில்மனின் கதையிலும் கணவன் டாக்டர். குழந்தை பெற்றுச் சோர்ந்துபோன மனைவியை, ஜன்னலுக்குக் கம்பியும் தரையோடு அறைந்த கட்டிலும் உள்ள மாடி அறையில் வைத்து, எழுதக்கூடாது என்கிறான். இது வெறும் கற்பனையில்லை. வெயர் மிட்செல் என்ற பேர்பெற்ற நரம்பு மருத்துவர் 1887இல் கில்மனுக்கே இந்த ஓய்வு சிகிச்சையைக் கொடுத்து, இனிமேல் பேனாவைத் தொடாதே என்று அனுப்பிவைத்தார். அந்த அறைச் சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருக்கிறாள், அந்தத் தாளின் வாடை வீடெல்லாம் ஊர்கிறது, கூந்தலில் ஏறிக்கொள்கிறது என்கிறாள் கதைப்பெண். மஞ்சள் வாடையாம்! படிக்கும்போதெல்லாம் அந்தச் சொம்புதான் எனக்குக் கண்முன் வருகிறது.

எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட கதையொன்றில் ஒருவன் கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கடியில் ஒளித்துவிட்டு, தனக்குப் பைத்தியமில்லை என்று சாதிக்கிறான். அதே பலகைகளின் மேல் அவன் நாற்காலி போட்டு உட்கார, வந்த போலீசார் அவன் பேச்சை நம்பி அந்த அறையிலேயே உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். கொலைகாரனுக்குக் கிடைக்கிற நம்பிக்கையில் கால்வாசி கில்மனின் கதைப்பெண்ணுக்குக் கிடைத்திருந்தால்?

அதற்காகக் கில்மன் கதையின் முடிவைப் பெண் விடுதலை என்று கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மயங்கி விழுந்த கணவன்மேல் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து போகிறவள் எங்கே விடுதலை அடைந்தாள்? சுவருக்குள் பெண் யாரும் இல்லைதான். ஆனால் தொடக்கத்திலேயே, பிடித்த வேலையும் ஒரு மாற்றமும் இருந்தால் குணமாகிவிடும் என்கிறாளே, அப்போது அவள் புத்தி தெளிவாகத்தானே இருந்தது?

இப்போது லாரித் தண்ணீர்தான். ஆனாலும் அம்மா குடத்தை முகர்ந்து பார்க்காமல் உலை வைப்பதில்லை. நேற்றிரவு வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டு ஒரு டம்ளர் வாங்கினேன். வாடை எதுவும் இல்லை. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தேன்.