செம்பரம்பாக்கம் திறப்பு! பீதியில் சைதாப்பேட்டை!

(சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய ஒரு தெரு. தரைத்தள வீடு. வெளியே கார்த்திகை மாதத் தூறல், உள்ளே டிவியில் பிரளயம். மருமகள் வித்யா ஒரு செய்தி சேனலில், திரையின் கீழே ஓடும் வரிகளை எழுதும் ஸ்க்ரோல் டெஸ்க்கில் வேலை செய்கிறாள். இன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை. மாமியார் சரோஜாவுக்குச் செய்தி பார்ப்பதில் விடுமுறையே கிடையாது.)

சரோஜா: வித்யா, அந்த ஸ்டூலை எடுத்துட்டு வா. அரிசி மூட்டை பரண்ல ஏத்தியாச்சு. அடுத்தது கேஸ் சிலிண்டர்.

வித்யா: அத்தை! சிலிண்டரைப் போய் பரண்லயா? வைங்க கீழ. என்ன ஆச்சு இப்ப?

சரோஜா: என்ன ஆச்சா? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துட்டான்! 'பீதியில் சென்னை'ன்னு ரத்தச் சிவப்புல போட்டிருக்கான். நானும் சென்னைதானே, பீதி ஆகவேணாமா?

வித்யா: எவ்வளவு திறந்தாங்கன்னு போட்டானா?

சரோஜா: 'திறப்பு திறப்பு திறப்பு'ன்னு மூணு தடவை போட்டான்.

வித்யா: (போனைப் பார்த்து) விநாடிக்கு 100 கன அடி.

சரோஜா: நூறா! முருகா!

வித்யா: இருங்க. 100 கன அடின்னா 2,830 லிட்டர் சொச்சம். தெருவுக்கு வர்ற 9,000 லிட்டர் தண்ணி லாரி நிரம்ப மூணு விநாடி ஆகும். 2015 டிசம்பர்ல திறந்தது 29,000 கன அடி. விநாடிக்கு 90 லாரி.

சரோஜா: அன்னிக்குப் பயந்தது தப்பில்லையே?

வித்யா: அன்னிக்குப் பயந்தே ஆகணும். ஆனா 29,000க்கும் இதே சிவப்பு, இதே மியூசிக். 100க்கும் இதே சிவப்பு, இதே மியூசிக். அப்புறம் எதுக்கு மூட்டை கட்டறது, எதுக்குப் போர்த்திட்டுத் தூங்கறது? ஏரியோட முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பறதுக்கு ரெண்டு மூணு அடி இருக்கறப்பவே நீர்வரத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா விடறதுதான் நல்லது. விடாம வெச்சிருந்து ஒரே ராத்திரியில திறந்தாதான் நாம பரண் ஏறணும்.

சரோஜா: இதை அவன் சொல்லலாம்ல?

வித்யா: சொன்னா நீங்க நிம்மதியா டிவியை நிறுத்திட்டு ரசம் வைக்கப் போயிடுவீங்க. இன்னொண்ணு அத்தை, நம்ம ஆத்துக்குச் செம்பரம்பாக்கத்துத் தண்ணி மட்டும் வரல. ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிங்களோட உபரித் தண்ணியும் இதுலதான் சேருது. அதை யாரும் காட்டமாட்டாங்க.

சரோஜா: ஏன், அது தண்ணி இல்லையா?

வித்யா: கரையைத் தாண்டி அது பாட்டுக்கு வழியும். மதகு தூக்கற காட்சி கிடைக்காது. செம்பரம்பாக்கத்துல ஷட்டர் இருக்கு, தூக்கினா வெள்ளையா நுரைச்சுக்கிட்டு வரும். நுரை இருந்தாத்தான் செய்தி.

சரோஜா: பொய் சொல்லாதே. இதோ பாரு, ரோட்டுல நீல டிரம் மிதந்துட்டுப் போகுது!

வித்யா: அது எத்தனாவது டிரம்?

சரோஜா: ஒன்பது ஆச்சு. யாரோ டிரம் கடைக்காரனுக்குப் பெரிய நஷ்டம், பாவம்.

வித்யா: ஒரே டிரம்தான் அத்தை. இருபது விநாடி விஷுவல். அதை லூப்ல போட்டிருக்காங்க, முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து ஓடும். அதுவும் பழைய வருஷத்துது. இடது மூலையில பாருங்க.

சரோஜா: எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ இருக்கு.

வித்யா: 'கோப்புக் காட்சி'ன்னு எழுதியிருக்கு. பேருக்குப் போட்டாச்சு, கண்ணுக்குத் தெரியற அளவுலதான் போடல. சில நேரம் வேணும்னே விடுவாங்க, சில நேரம் அவசரத்துல மறந்துடுவாங்க. ஷிஃப்ட்டுல நாலு பேர் பார்க்கற வேலையை ஒருத்தர் பார்த்தா எதுதான் ஞாபகம் இருக்கும்?

சரோஜா: சரி, கீழ ஓடுதே: 'சென்னைக்கு ஆபத்தா? அணை உடையுமா? அதிகாரிகள் ஓட்டமா?' இவன் என்னைக் கேக்கறானா?

வித்யா: கேள்விக்குறி போட்டா யாரும் வழக்குப் போட முடியாதுன்னு ஒரு தைரியம். 'உடையும்'னு போட்டா ஆதாரம் கேப்பாங்க. 'உடையுமா?'ன்னா வெறும் சந்தேகம்.

சரோஜா: அப்ப நான் 'அஞ்சாம் நம்பர் வீட்டுக்காரி திருடியா?'ன்னு வாசல்ல எழுதி மாட்டலாமா?

வித்யா: மாட்டாதீங்க. நமக்கு வக்கீல் இல்ல.

சரோஜா: ரெட் அலர்ட்டுன்னும் சொன்னானே, அதுவும் சந்தேகமா?

வித்யா: நுங்கம்பாக்கத்து வானிலை மையம் இன்னிக்கு நம்ம மாவட்டத்துக்குக் கொடுத்தது ஆரஞ்சு. 24 மணி நேரத்துல 115.6 மில்லிமீட்டர்ல இருந்து 204.4 வரைக்கும் பெஞ்சா மிக கனமழை. அதுக்கும் மேல போனா அதி கனமழை, ரெட் அலர்ட் அதுக்குத்தான். ஆரஞ்சுன்னா தயாரா இருங்கன்னு அர்த்தம். ஆனா எங்க கிராஃபிக்ஸ்ல பிரேக்கிங் நியூஸ் போடற ப்ளேட் சிவப்புல மட்டும்தான் இருக்கு. எதைப் போட்டாலும் செக்கச் செவேல்னுதான் வரும். 'முட்டை விலை 5 காசு உயர்வு'ம் அதே ப்ளேட்தான்.

சரோஜா: இவன் வேணாம், அடுத்த சேனலைப் பார்க்கலாம். (ரிமோட்டை அழுத்துகிறாள்) அட, அரங்கநாதன் சுரங்கப்பாதை! தண்ணியில நின்னு ஒரு பையன் கத்தறான். முழங்கால் மட்டும் தண்ணி!

வித்யா: பின்னாடி என்ன போகுது?

சரோஜா: ஒரு நாய்.

வித்யா: நீந்திப் போகுதா, நடந்து போகுதா?

சரோஜா: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) நடந்து போகுது. வாலைத் தூக்கிட்டு.

வித்யா: அந்தத் தம்பி ஓரத்துப் பள்ளத்துல நிக்கறார். கேமராவைத் தண்ணிக்கு அரை அடி மேல இறக்கி, நீள லென்ஸ் போட்டிருக்காங்க. அப்படி எடுத்தா நம்ம வாசல் கோலம் கூட மெரினா மாதிரி தெரியும். நிருபரைப் பார்க்காதீங்க. பின்னாடி பஸ் டயர், பிளாட்பாரக் கல், நாய், இதைப் பாருங்க.

சரோஜா: இரு, இன்னொரு சேனல் மாத்தறேன். இதுவும் அதே சுரங்கப்பாதை! ஆனா சொட்டுத் தண்ணி இல்ல. 'மின்னல் வேகத்தில் வடிகால் பணி, மக்கள் மகிழ்ச்சி'. ஒருத்தர் கையெடுத்துக் கும்பிடறார். எது பொய்?

வித்யா: ரெண்டும் பொய் இல்ல. மோட்டார் வெச்சு இறைக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர், இறைச்சதுக்கு அப்புறம் ஒருத்தர். பள்ளத்துல ஒருத்தர், மேட்டுல ஒருத்தர். பொதுக்கூட்டத்துக்கும் இதே வேலைதான். கூட்டம் பெருசா தெரியணும்னா மேடை உயரத்துல நீள லென்ஸ். ஆள் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். காலின்னு காட்டணும்னா தலைவர் வர ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் காலி நாற்காலியைப் படம் எடுத்துட்டு வந்துடணும்.

சரோஜா: எந்தச் சேனல் எந்தக் கட்சின்னுதான் ஊருக்கே தெரியுமே. ஜெயா டிவி 1999, மக்கள் டிவி 2006, கலைஞர் டிவி 2007, கேப்டன் டிவி 2010. இந்தந்தக் கட்சின்னு சொல்லவே வேணாம். கொடி கட்டிட்டு வர்றவனைப் பத்திக் கவலை இல்ல. 'நாங்க நடுநிலை'ன்னு வர்றானே, அவன்தான் புரியமாட்டேங்கறான்.

வித்யா: அவங்க வரும்படி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. செய்தி சேனல் பலதும் இலவசம். நீங்க மாசம் கட்டற கேபிள் காசுல அவங்களுக்கு ஒண்ணும் போகாது. விளம்பரம்தான் சோறு. அரசு விளம்பரம், ரியல் எஸ்டேட், நகைக்கடை. இதுல ஒருத்தரைப் பகைச்சா ஒரு வேளை சோறு போச்சு. கேபிள்ல எந்த நம்பர்ல வைக்கறாங்கங்கறது இன்னொரு பயம். நூத்துச் சொச்சத்துல இருக்கற சேனல் தொள்ளாயிரத்துக்குப் போனா நீங்க தேடிப் போய் பார்ப்பீங்களா?

சரோஜா: பொட்டியைப் போட்டதும் எது வருதோ அதைத்தான் பார்ப்பேன்.

வித்யா: அந்த முதல் சேனல் இருக்கே, அது சும்மா வரல. லேண்டிங் பேஜ்னு பேரு, காசு கொடுத்து வாங்கற இடம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் 2018ல கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2019ல தீர்ப்பாயம் அதை ரத்து பண்ணிடுச்சு. நீங்க ரிமோட்டைத் தேடற அந்த ஒரு நிமிஷமும் பார்வையாளர் கணக்குல சேரட்டும்னுதான் காசு கொடுக்கறாங்க.

சரோஜா: நான் ரிமோட் தேடறது யாருக்குத் தெரியும்? வீட்டுல மீட்டர் ஏதாவது வெச்சிருக்கானா?

வித்யா: நம்ம வீட்டுல இல்ல. பார்க்னு ஒரு அமைப்பு நாடு முழுக்க வெச்சிருக்கற மீட்டர் வீடு 60,000க்கும் கம்மி. டிவி இருக்கற வீடோ 20 கோடிக்கு மேல. ஒரு மீட்டர் வீடு மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டுக்காகப் பார்க்குது. ஒலிக்குள்ள காதுக்குக் கேக்காத ஒரு அடையாளம் இருக்கும், மீட்டர் அதைப் பிடிச்சுக்கும். யார் பார்க்கறாங்கன்னு ஆளுக்கொரு பட்டனை அமுக்கணும்.

சரோஜா: அப்ப நான் இத்தனை வருஷமா உக்காந்து பார்த்தது?

வித்யா: எந்தக் கணக்குலயும் வராது.

(சரோஜாவுக்கு வெள்ளத்தைவிட இது பெரிய அதிர்ச்சி. சற்று நேரம் பேச்சில்லை.)

வித்யா: 2020 அக்டோபர்ல ரேட்டிங் மோசடிப் புகார் வந்து, செய்தி சேனலுக்கு மட்டும் கணக்கையே நிறுத்தி வெச்சாங்க. 2022 மார்ச்லதான் திரும்ப வந்துச்சு. இப்ப நாலு வார சராசரி. அப்பவும் வியாழக்கிழமை வந்தா ஆபீஸ்ல பரீட்சை ரிசல்ட் மாதிரிதான்.

சரோஜா: எங்க காலத்துல ஒரே நியூஸ். மெட்ராஸ் தூர்தர்ஷன், 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சான். கத்தமாட்டாங்க, அழகா வாசிப்பாங்க.

வித்யா: மந்திரி ரிப்பன் வெட்டினதை அழகா வாசிச்சாங்க. எதிர்க்கட்சின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அப்பவும் சாஞ்சுதான் இருந்துச்சு அத்தை, அமைதியா சாஞ்சிருந்துச்சு.

சரோஜா: ராத்திரி விவாதம் நல்லாத்தானே இருக்கு? ஆறு பேர் ஆறு கட்டத்துல.

வித்யா: ஊர் ஊரா நிருபரை அனுப்பினா வண்டி, டீசல், கேமராமேன், தங்கற செலவு. விவாதத்துக்கு ஒரு ஸ்டுடியோ, நாலு விருந்தினர், அதுல ரெண்டு பேர் வீட்டுல இருந்தே வீடியோ கால். மாவட்டத்துல செய்தி கொண்டுவர்ற ஸ்ட்ரிங்கருக்கு ஒரு செய்திக்கு இவ்வளவுன்னுதான் காசு. வந்தா உண்டு, சேனல் எடுக்கலைன்னா பெட்ரோலும் அவர் கைக்காசு. அப்புறம் அவர் எதைத் தேடிப் போவார்? எடுக்கறதைத்தான்: விபத்து, பாம்பு, கள்ளக்காதல்.

சரோஜா: பாம்பு நல்லா இருக்கும். சரி, இவனுங்க மேல புகார் கொடுக்க முடியாதா?

வித்யா: முடியும். முதல்ல சேனலுக்கே எழுதணும். தேதி, நேரம், என்ன ஓடுச்சுன்னு குறிச்சு, முடிஞ்சா போன்ல படம் பிடிச்சு அனுப்பணும். ஒளிபரப்பாகி ஏழு நாளுக்குள்ள அனுப்பிடறது நல்லது. 24 மணி நேரத்துல 'வந்துச்சு'ன்னு பதில் சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். 2021ல வந்த விதி. திருப்தி இல்லைன்னா அவங்க சேர்ந்திருக்கற சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு பண்ணலாம்.

சரோஜா: அவங்க கட்டி வெச்சு உதைப்பாங்களா?

வித்யா: கண்டிப்பாங்க. மன்னிப்புப் போடச் சொல்லுவாங்க. அபராதம் உச்சபட்சம் ஒரு லட்சம். அதெல்லாம் ஒரு தண்டனையான்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சு.

(வித்யாவின் போன் அடிக்கிறது.)

வித்யா: சொல்லுங்க சார்... ஆமா, சைதாப்பேட்டைதான்... ஆத்துக்குப் பக்கத்துலதான்... ஃபோனோவா? எங்க வீட்டுல தண்ணியே இல்லையே சார்...

சரோஜா: யாரு?

வித்யா: எங்க டெஸ்க். பாதிக்கப்பட்ட யாராவது நேரலையில போன்ல பேசணுமாம்.

சரோஜா: கொடு இப்படி. (போனைப் பிடுங்கி) ஹலோ! சைதாப்பேட்டையில இருந்து சரோஜா பேசறேன். ஆமாம்ப்பா, ஏரியைத் திறந்திருக்காங்க. 100 கன அடி. மூணு விநாடிக்கு ஒரு லாரித் தண்ணி... இல்லப்பா, வீட்டுக்குள்ள வரலை. அரிசி மூட்டை பரண்ல இருக்கு, அது நான் ஏத்தினது... அழுகையா? எனக்கு எதுக்கு அழுகை வரணும்? நீ ஆரஞ்சு அலர்ட்டுக்கு ஏன்ப்பா சிவப்புல... ஹலோ? ஹலோ?

வித்யா: கட் பண்ணிட்டாங்களா?

சரோஜா: 'தொடர்பு துண்டிக்கப்பட்டது, அங்கே நிலைமை அவ்வளவு மோசம்'னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. உங்க சேனலைப் போடு.

(டிவியில் நீல டிரம் மிதக்கிறது. அதற்குக் கீழே சிவப்புப் பட்டை: 'வீட்டுக்குள் வெள்ளம்? பரணில் தஞ்சமடைந்த சைதாப்பேட்டை மூதாட்டி கதறல்!')

சரோஜா: மூதாட்டியா?

வித்யா: அத்தை, எங்க டெஸ்க்ல அம்பது தாண்டினா எல்லாரும்...

சரோஜா: எனக்கு அம்பத்தேழு வயசு! அரிசி மூட்டையைத் தனியாளா பரண்ல ஏத்தியிருக்கேன்! வெள்ளத்துக்குக் கேள்விக்குறி போடறான், மூதாட்டிக்குப் போடத் தெரியலையா? எத்தனை நாள்னு சொன்ன?

வித்யா: ஏழு நாள். ஆனா அத்தை, அது நான் வேலை பார்க்கற...

சரோஜா: பேப்பரை எடு. தேதி போடு. நேரம் சாயந்திரம் 5.42. முதல்ல படம் பிடி, பட்டை மாறிடப்போகுது.

வித்யா: வெள்ளமே இல்லாத வீட்டுல வெள்ளம்னு போட்டாங்களே, அதை முதல்ல எழுதட்டுமா?

சரோஜா: அதை ரெண்டாம் பக்கத்துல எழுதிக்கலாம்.